எர்மினாவின் கொடியில் நான் தைத்த கிளி

"இது என்ன பறவை, மதாம்?"

காவலுக்கு நின்ற பெண் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கிளியைக் காட்டி என்ன பறவை என்று கேட்கிற ஆளை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

பாரிஸில் ஒலிம்பிக் நடந்த கோடை. ஒரு சனிக்கிழமை பின்னேரம். சென் துனி மைதானத்தின் வாசலில், பைகளைச் சோதிக்கும் நீளமேசையில், நான் தைத்த கொடி விரிந்து கிடந்தது. வானம் மூட்டமாக இருந்தது. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. பக்கத்தில் எர்மினா, எழுபதை எட்டப்போகிற வயதில் கண்ணைப் பறிக்கிற மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"பெரோக்கே," என்றேன். கிளி என்று அர்த்தம். இதுகூடத் தெரியாதா என்ற தொனியில்தான் சொன்னேன், மறைக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முகத்தில் எரிச்சல் இல்லை. கைபேசியில் ஒரு படத்தை விரலால் பெரிதாக்கினார். கொடியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்பவும் கொடியைப் பார்த்தார்.

தைத்த பிளவுஸை வாங்க வருகிற கலியாணப் பொம்பிளையின் தாய்மார் இப்படிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை வந்தால் எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். 

போட்டியில் பங்குபற்றும் நாடுகளின் கொடிகளை மட்டும்தான் உள்ளே விடலாம் என்று அவர் சொன்னார். தன் பட்டியலில் இந்தக் கொடி இல்லை என்றார். அது எந்த நாட்டுக் கொடி, நான் ஏன் அதைத் தைத்தேன் என்பதையெல்லாம் சொல்வதற்கு முதல் எர்மினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கீழ்வீட்டு மதாம்

போன கிழமை இதே பத்தியில் என் முதல் தையல் மெஷின் கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் தொலைபேசி எடுத்து, "அக்கா, எல்லாம் லா ஷப்பல் கடைத்தெருத் தமிழ்ச்சனத்தின்ரை கதையாத்தான் இருக்கு. முப்பது வருசமாப் பாரிஸிலை இருந்து வேறை ஒரு மனிசரையும் நீங்கள் காணேல்லையோ?" என்று கேட்டார். கோபம்தான் வந்தது. ஆனால் நல்ல கேள்வி.

கண்டேன். பாரிஸின் ஓரத்து ஊரான ஸ்தேனில், எங்கள் கட்டடத்தில், எனக்குக் கீழ்வீட்டில்.

எர்மினா ஆஸ்பத்திரியில் நோயாளரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, திருப்பிப் படுக்க வைக்கிற வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிறந்தது டொமினிக்கா என்ற தீவில். கரிபியன் கடலில், குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவில் இருக்கிறது. மலை, மழை, ஆறு, அவ்வளவுதான். மொத்தச் சனம் எழுபதாயிரம் அளவில். அத்தனை பேரையும் கூட்டிவந்து சென் துனி மைதானத்தில் இருத்தினாலும் கதிரை மிஞ்சும்.

நாட்டின் பெயரைச் சொன்னதும் பிரெஞ்சுக்காரர் அதே கடலில் இருக்கிற பெரிய டொமினிக்கன் குடியரசை நினைத்துக்கொண்டு, அங்கே விடுமுறைக்குப் போன கதையைத் தொடங்கிவிடுவார்கள். எர்மினா பொறுமையாகத் திருத்துவார். நானோ, "இந்தியாவா?" என்று கேட்கிறவர்களுக்கு இலங்கை என்று விளக்கம் சொல்லி அலுத்தவள். ஒரே நோய் உள்ள இரண்டு பேர் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் சந்தித்தால் எப்படிச் சினேகமாவார்களோ அப்படித்தான் நாங்களும் ஆனோம்.

நாங்கள் பேசியதெல்லாம் பிரெஞ்சில். அவருடையது தீவின் கிரெயோல் பேச்சுக் கலந்தது, என்னுடையது உடைந்தது. இங்கே அவர் பேச்சை யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதப்போகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

பள்ளிக்கூட நாட்களில் எர்மினா நீளப்பாய்ச்சல்காரி. கடற்கரையிலிருந்து கறுப்பு மண் அள்ளிவந்து நிரப்பிய கிடங்கில்தான் பாய்வார்களாம். தீவில் தன்னை வெல்ல ஒருத்தியும் இருக்கவில்லை என்று சொல்வார். சரிபார்க்க எனக்கு வழியில்லை, நம்பிவிட்டேன்.

பாய்ந்து என்ன, போவதற்கு இடம் இல்லை. நாடு சுதந்திரம் அடைந்ததே அவருடைய இருபதுகளில்தான். அடுத்த வருடம் பெரும் புயல் அடித்தது. வீட்டுக் கூரையும் போய், பள்ளிக்கூடக் கூரையும் போனது. மூன்று மாதம் இருந்துவிட்டு வருவோம் என்று குவாதலூப்புக்குப் படகேறினார். அங்கே கலியாணம், பிறகு பாரிஸ், பிறகு ஆஸ்பத்திரி. அவருடைய நாடு முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்பியபோது எர்மினாவுக்கு நாற்பது வயது. நோயாளரைத் தூக்கித் தூக்கி முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன.

பத்துச் செக்கன்

ஒலிம்பிக் வருகிற வருடங்களில் எனக்கு எர்மினா வீட்டில் ஒரு வேலை இருந்தது. தொடக்க விழாவில் நாடுகள் வரிசையாக நடந்து வருவதை அவரோடு இருந்து பார்க்க வேண்டும்.

டொமினிக்கா வருவது பத்துச் செக்கன். முன்னால் ஒருவர் கொடி பிடித்து வருவார், பின்னால் ஒருவரோ இருவரோ வீரர்கள், மிச்சம் கோட் போட்ட அதிகாரிகள். எர்மினா எழுந்து நிற்பார். அவர் எழும்பினால் நான் இருக்கலாமா? நானும் எழும்புவேன், கையில் பொரித்த வாழைப்பழத் துண்டோடு.

லண்டனில் நடந்தபோதுதான் முதல்முறை சேர்ந்து பார்த்தோம். அகரவரிசைப்படி நாடுகள் வந்தன. டென்மார்க் வந்தது, எர்மினா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து தொலைக்காட்சியில் ஒரு பிரெஞ்சு வீரரின் பேட்டியைப் போட்டார்கள். அந்த மனிதர் தன் காற்சதைப் பிடிப்பைப் பற்றிச் சாவகாசமாகப் பேசினார். எர்மினா நின்றபடியே கேட்டார். பேட்டி முடிந்து திரும்பியபோது திரையில் வேறு ஏதோ கொடி. நான் தொலைக்காட்சியை வாயில் வந்தபடி ஏசினேன். எர்மினா சட்டையைத் தடவி விட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார்.

ரியோவில் பத்துச் செக்கனும் கிடைத்தது. டோக்கியோவில் ஜப்பானிய எழுத்து வரிசையாம், எந்த நாடு எப்போது வரும் என்று எங்களுக்கு ஒரு பிடியும் இல்லை. முழு நேரமும் கதிரை நுனியிலேயே இருந்தோம், மூத்திரத்துக்குக்கூட எழும்பவில்லை.

இலங்கை வருகிறபோது நான் சமையலறைக்குப் போய்விடுவேன். தண்ணீர் குடிக்க. என்னிடம் இருக்கிற அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்று எழுதியிருக்கிறது. போக முடியாத நாட்டுக்கு எழுந்து நிற்பதா, இருப்பதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எர்மினா ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கிளாசை மட்டும் எடுத்து வைத்திருப்பார்.

பதக்கம் என்ற பேச்சே கிடையாது. முதல் சுற்றில் ஓடுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். ஒருமுறை, பனியே விழாத அந்தத் தீவின் கொடி குளிர்கால ஒலிம்பிக்குக்கும் போனது. போனவர்கள் தீவில் பிறந்தவர்களே இல்லை, அந்தக் கதையைக் கேட்டால் எர்மினா பேச்சை மாற்றிவிடுவார், நானும் விட்டுவிட்டேன்.

ரியோவுக்கு அடுத்த வருடம் இரண்டாவது புயல் வந்தது. முதலாவதைவிட மோசமானது. எர்மினாவின் தங்கையிடமிருந்து பல நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. வேலை முடிந்ததும் நேரே கீழ்வீட்டுக்குப் போய் அவரோடு இருந்தேன். ஆறுதல் சொல்ல என் பிரெஞ்சு காணாது.  தங்கை உயிரோடு இருந்தார், வீடு இல்லை.

அடுத்த இளவேனிலில் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் அந்த நாட்டுக்கு முப்பாய்ச்சலில் இரண்டு பதக்கங்கள் கிடைத்தன. ஒன்று ஆணுக்கு, ஒன்று பெண்ணுக்கு. எர்மினா படியேறி வந்து கதவைத் தட்டினார். "தங்கச்சியின்ரை வீட்டுக்குக் கூரை வர முதல் பதக்கம் வந்திட்டுது," என்றார். சிரித்தாரா அழுதாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பதக்கம் வாங்கிய அந்தப் பெண்தான் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் வருகிறாள் என்று தெரிந்தது. தீவிலிருந்து வந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அவள் பாயப்போவது எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்.

"நான் கொடி தைக்கிறதில்லை"

ஜூன் மாதம் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கலியாணக் காலம். லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், குணம் அண்ணையின் புடவைக்கடைப் பின்னறையில்தான் என் மெஷின். மேசையில் பிளவுஸ் துணி மலைபோலக் கிடக்கும்.

அப்படி ஒருநாள் எர்மினா கடைக்கு வந்தார். முதல்முறையாக. குணம் அண்ணை அவரைப் புடவை வாங்க வந்த ஆளாக நினைத்து இரண்டு கூறைச் சேலையை விரித்தே விட்டார். எர்மினா மரியாதைக்கு இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டுப் பின்னறைக்கு வந்தார்.

ஸ்தேன் மேரியில், அதாவது நகரசபையில், ஊர்ச்சனத்துக்கென்று நடத்திய குலுக்கலில் அவருக்கு இரண்டு ரிக்கெட் விழுந்திருந்தது. முப்பாய்ச்சல் இறுதிப்போட்டி நடக்கிற அதே மாலைக்கு. ஒன்று தனக்கு, மற்றது எனக்கு என்றார். பிறகு ஒரு சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். அதில் நகத்தளவு கொடி, வர்ணம் தேய்ந்துபோய். பாரிஸ் முழுக்கத் தேடியும் அந்தக் கொடி விற்பனைக்கு இல்லையாம். ஒரு கடைக்காரன் டொமினிக்கன் குடியரசின் கொடியைக் கொடுத்து, இதுதான் உன் கொடி என்று அவரோடு வாதாடியும் இருக்கிறான்.

"நாப்பத்தஞ்சு வருசமா என்ரை நாட்டுக் கொடியை நான் ரீவியிலைதான் பாத்தனான்," என்றார் எர்மினா. "அவள் பாயேக்கை மேலை ஆரும் ஒருத்தர் அதைப் பிடிச்சிருக்க வேணும். நீர் தைச்சுத் தாரும்."

"நான் கொடி தைக்கிறதில்லை," என்றேன்.

சொன்ன விதம் சரியில்லை. குணம் அண்ணை முன்னாலிருந்து எட்டிப் பார்த்தார், அவருக்குக் காரணம் தெரியும். எர்மினா சாவிக்கொத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ரிக்கெட் எனக்குத்தான், கட்டாயம் வர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

2009 இளவேனிலில் அதே பின்னறையில் ஐந்து பெண்கள் இருந்து எங்கள் கொடியைத் தைத்தோம். வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தது. பாரிஸ் தெருக்களில் எங்கள் ஆட்கள் நாள்தோறும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கத்தத் தெரியாது, தைக்கத் தெரியும். தைத்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்தால் சண்டையை நிறுத்துவார்கள் என்று உண்மையாகவே நம்பினேன். எத்தனை தைத்தேன் என்று தெரியாது. மே மாதத்தில் எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்த அன்றைக்கு, தைத்து மடித்து வைத்த கொடிகள் ஒரு கட்டு அப்படியே இருந்தது. எடுக்க ஒருவரும் வரவில்லை.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போனேன். நாலாம் மாடிக்குப் போக முடியாமல் மூன்றாம் மாடிப் படியில் இருந்துவிட்டேன். என் அக்கா குடும்பம் வன்னிக்குள்ளே இருந்தது, ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை. எர்மினா கதவைத் திறந்தார். அதுவரை படியில் கண்டு வணக்கம் சொன்னதோடு சரி. ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருந்தார். பிறகு உள்ளே போய், கீரையும் தேங்காய்ப்பாலும் விட்டுக் காய்ச்சிய ஒரு கூழைக் கோப்பையில் கொண்டுவந்து, கரண்டியால் என் வாயில் தீத்தினார். ஆஸ்பத்திரியில் செய்கிற வேலை, அவருக்குப் பழக்கம். எனக்கு என் தாய்க்குப் பிறகு ஒருவரும் தீத்தியதில்லை.

இதெல்லாம் ஜூன் மாதத்து அந்த மாலை பஸ்ஸில் போகும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. இறங்கியதும் நேரே மூன்றாம் மாடிக்குப் போய்த் தட்டி, சாவிக்கொத்தைத் தாங்கோ என்று கேட்டேன்.

கிளி எனக்குத் தெரியாதா

பச்சைக்கு உள்பாவாடைத் துணி எடுத்தேன். நடுவே சிலுவையாக மஞ்சள், கறுப்பு, வெள்ளைப் பட்டிகள். நடுவில் சிவப்பு வட்டம், அதற்கு நல்ல சற்றின். வட்டத்துக்குள் ஓரமாகப் பத்துப் பச்சை நட்சத்திரம், தீவின் பத்துப் பிரிவுகளுக்காக. பத்தையும் கையால் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தேன்.

வட்டத்தின் நடுவில் ஒரு கிளி. சாவிக்கொத்தில் அது தேய்ந்து ஒரு புள்ளியாகத்தான் இருந்தது. கைபேசியில் தேடிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எத்தனை கலியாணப் பிளவுஸில், எத்தனை கையில், சோடி சோடியாகக் கிளி போட்டவள் நான். கிளியைத் தேடிப் பார்ப்பதா?

கிளிப்பச்சை நூலில் உடம்பு. நல்ல சிவப்பு நூலில் வளைந்த சொண்டு. கழுத்தில் மெல்லிய வளையம். கண்ணுக்கு ஒரு கறுப்பு மணி. கை நிற்காமல் இறகு நுனியில் கொஞ்சம் சரிகை நூலும் ஓட்டினேன். குணம் அண்ணை பார்த்துவிட்டு, இதைக் கொடியில் போடாமல் கூறைப் பிளவுஸில் போட்டால் லா ஷப்பலே வரிசையில் நிற்கும் என்றார். தலை கொஞ்சம் கனத்தது உண்மை.

ஜூலை நடுவில் கொண்டுபோய்க் கொடுத்தேன், எர்மினா விரித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சிவப்புச் சொண்டை விரலால் தொட்டார். "மெர்சி," என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை "மெர்சி" என்றார். ஆள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

வாசலில்

காவல் பெண் கைபேசியை என் பக்கம் திருப்பினார்.

அதில் இருந்த டொமினிக்காக் கொடியில் பறவைக்கு நெஞ்சு முழுக்க ஊதா. சொண்டு மங்கல் நிறம். கனத்த உடம்பு, முரட்டுக் கழுத்து. அது உலகத்தில் டொமினிக்கா மலைகளில் மட்டும்தான் இருக்கிறதாம். வேறு எங்கும் இல்லை என்பதற்காகவே அதைக் கொடியில் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நான் நல்லூர்க் கிளியைக் குந்த வைத்திருக்கிறேன், சரிகை வேறு.

எர்மினாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் விளங்கியது. அவருக்கு மூன்று கிழமையாகத் தெரிந்திருக்கிறது.

எர்மினா அடையாள அட்டையை எடுத்து, பிறந்த இடம் என்ற வரியைக் காட்டினார். இது தன் நாடு, தன் கொடி, பறவையின் நிறம் மட்டும் கொஞ்சம் மாறிவிட்டது என்றார்.  காவல் பெண் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நாடல்லாத கொடிகளைச் சிலர் உள்ளே கொண்டுபோகப் பார்க்கிறார்கள், சந்தேகமானதை விடக்கூடாது என்று தனக்குக் கட்டளை என்றார். மேலதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் கிளியைப் பார்த்துக் கூடாது என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவர்களில் பிழை இல்லை. பிழை என் ஊசியில்.

கொடியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போகலாம், இல்லாவிட்டால் கொடியோடு வெளியே போகலாம். பக்கத்தில் பெரிய தொட்டி இருந்தது. அதற்குள் தண்ணீர்ப் போத்தல், நீளக் குடை.

"வாரும், வீட்டை போவம்," என்றார் எர்மினா. கொடியை மடிக்கத் தொடங்கினார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. முழுக்க என்மேல்தான். நாற்பத்தைந்து வருடம் காத்திருந்த மனிசி, ஒரு சிவப்புச் சொண்டால் வாசலோடு திரும்புவதா? கொடியை அவர் கையிலிருந்து பறித்தேன்.

"நீங்கள் உள்ளை போங்கோ," என்றேன். "இதைத் தொட்டியிலை போட விடமாட்டன். என்னோடை வெளியிலை நிக்கட்டும். நீங்கள் போய் அவளைப் பாருங்கோ."

அவர் மாட்டேன் என்றார். நான் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். எழுபது வயது மனிசியை வாசலில் வைத்துத் தள்ளியவள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். மஞ்சள் சட்டை கூட்டத்துக்குள் போய் மறையுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் நாடு குதிக்கிறது

மழை தொடங்கியது. மைதானத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கோப்பிக் கடை. முதலாளி மீசை வைத்த ஒரு அல்ஜீரியக் கபில்காரர். தொலைக்காட்சியில் வேறு விளையாட்டு, பிரெஞ்சுக்காரர் வெல்லுகிற விளையாட்டு, கடை முழுக்கச் சனம்.

மைதானத்தைப் போடச் சொல்லிக் கேட்டேன். யார் ஓடுகிறார்கள் என்று முதலாளி கேட்டார். முப்பாய்ச்சல் என்றேன். அதில் பிரான்சுக்குப் பதக்கம் ஒன்றும் கிடையாதே என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. கொடியை எடுத்து அவர் முன்னால் மேசையில் விரித்தேன்.

"அங்கை என்ரை நாடு குதிக்குது, மிசியே," என்றேன்.

அவர் கொடியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார்.  கடையின் மூலையில் இருக்கிற சின்னத் தொலைக்காட்சியில் போட்டுத் தந்தார். கதிரையும் இழுத்துப் போட்டார்.

அவள் ஈர ஓடுபாதையில் ஓடிவந்தாள். ஒரு தாவல், ஒரு எட்டு, ஒரு பாய்ச்சல். இரண்டாவது முறை பாய்ந்தபோது பதினைந்து மீற்றருக்குக் கொஞ்சம் மேலே என்று எழுத்து வந்தது. பெயர் முதலாவது இடத்துக்கு ஏறியது.

அதற்குப் பிறகுதான் வதை. ஒவ்வொருத்திக்கும் இன்னும் நாலு பாய்ச்சல் இருந்தது. ஒருத்தி ஓடிவரும் ஒவ்வொருமுறையும் நான் கொடியின் ஓரத்தைச் சுருட்டினேன், மண்ணில் விழுந்து அளந்து முடிந்ததும் விட்டேன். அந்தப் பிள்ளைகள் தடக்கி விழ வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டேன். பிறகு பாவம் என்று நினைத்து, விழாமல் கொஞ்சம் கிட்டப் பாய்ந்தால் போதும் என்று மாற்றிக் கேட்டேன். முதலாளி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தானும் நின்று பார்த்தார்.

ஒருவராலும் தாண்ட முடியவில்லை.

வெளியே மைதானத்திலிருந்து ஒரு இரைச்சல் எழுந்து கடைக் கண்ணாடிவரை வந்தது. அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம், அதுவும் தங்கம். அந்த இரைச்சலுக்குள் எர்மினாவின் குரலும் இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்துத் தீவான சென் லூசியாவுக்கும் அதே மாலை நூறு மீற்றர் ஓட்டத்தில் முதல் தங்கம் கிடைத்தது என்று பிறகு அறிந்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு தீவுக்குத்தான் நெஞ்சில் இடம் இருந்தது.

அவள் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பெரிய கொடி. ஊதா நெஞ்சுக் கிளி நன்றாகவே தெரிந்தது. என் மடியில் இருந்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கவில்லை.

எர்மினா வெளியே வந்தபோது

எந்தக் கடை என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன், மற்றப் போட்டிகள் முடியும்வரை எர்மினா நிற்கவில்லை. கோடை வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை, மழைக்குள்ளால் மஞ்சள் சட்டை வருவது தெரிந்தது. தேய்ந்த முழங்காலோடு அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் கண்டதில்லை. கடைவாசலில் என்னைக் கட்டிப்பிடித்தார். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது, காற்றுத்தான் வந்தது.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கிளி பிழை என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஒரு நாளில் பிரித்துத் தைத்திருப்பேனே, இவ்வளவும் நடந்திராதே என்று.

எர்மினா கொடியை என் கையிலிருந்து வாங்கி விரித்தார்.

"தைக்கமாட்டன் எண்டு சொன்ன ஆள் நீர். ஏன் எண்டு நான் கேக்கேல்லை, ஆனா நீர் படியிலை இருந்த அந்த நாளை நான் மறக்கேல்லை," என்றார் காற்றுக் குரலில். "பிறகு நீரே வந்து தட்டித் தைச்சுத் தந்தனீர். அதிலை நான் நிறம் பிழையெண்டு சொல்லுறதோ?"

சேலைத் தலைப்பால் கொடியின் ஈரத்தை ஒற்றினேன். 

கொடியின் ஒரு பக்கத்தை அவர் தலைக்கு மேலே தூக்கினார். மற்றப் பக்கம் நனைந்து தொங்கியது. அதை நான் பிடித்துத் தூக்கினேன். அப்படியே தெருவில் நடந்தோம்.

மைதானத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் எங்களைக் கண்டதும் கூவிக்கொண்டு ஓடிவந்தது. தகப்பன், தாய், இரண்டு பெரிய பெண்கள். லண்டனிலிருந்து வந்த டொமினிக்காச் சனம். எர்மினாவோடு ஒரே நேரத்தில் நாலு பேரும் கிரெயோலில் பேசினார்கள், அழுதார்கள், ஊர்ப்பெயர்கள் கேட்டார்கள். மூத்த பெண் என் கிளியை உற்றுப் பார்த்தாள். பிறகு கொடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற, சேலை கட்டிய, பொட்டு வைத்த என்னைப் பார்த்தாள். இவர் யார் என்று எர்மினாவிடம் கேட்டாள்.

எர்மினா யோசிக்கவில்லை.

"எங்கடை ஆள்," என்றார்.

நான் பாரிஸுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். எத்தனையோ பேர் என் கடதாசிகளைப் புரட்டி, நான் யாருடைய ஆள் என்று தேடியிருக்கிறார்கள். ஒரு நாட்டின் வாயிலிருந்து இந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. தகப்பன்காரர் என் பக்கம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, வாழ்த்துச் சொன்னார். வென்றது நான் என்பதுபோல.

நன்றி என்றேன்.